ஆட்டுக்குடலிலிருந்து செல் வளர்க்கும் ஜெல்: செய்முறை

வெந்நீர் படாத குடல் வேண்டும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்; என் முதல் முயற்சி பாழானது இதனால்தான். சென்னையில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டிறைச்சிக் கடை இருந்தது. ஒரு ஆட்டின் சிறுகுடல் முழுவதும் வேண்டும் என்று கடைக்கார பாயிடம் முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன். குழம்புக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்ட அவர், குடலை வெந்நீரில் அலசி, மஞ்சள் தடவி, சமைக்கத் தயாராகக் கட்டி வைத்திருந்தார். எனக்கும் அப்போது விவரம் போதாது. வேலை மிச்சம் என்று மகிழ்ந்து வாங்கிக்கொண்டு போனேன். சுரண்டி, கழுவி, உறையவைத்து, உலர்த்தி, பொடித்து, பெப்சின் என்னும் செரிமான நொதியில் இரண்டு நாள் கரைத்து, ஒன்பதாம் நாள் 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டைச் சாய்த்தபோது மஞ்சள் தண்ணீர்தான் ஓடியது.

காரணம் எளியது. குடலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு போன்றது அது. 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் திசுவில் உள்ள கொலாஜனின் முறுக்கு அவிழ்ந்து, சுருங்கி, ஜெலட்டினாக மாறிவிடும். ஜெலட்டின் குளிரில் உறையும், சூட்டில் உருகும். நோன்பு மாதத்தில் கிடைக்கும் கடற்பாசியைப் போல. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். ஐஸில் நீராக இருந்து, உடல் வெப்பம் பட்டதும் கட்ட வேண்டும். அவிழ்ந்த கயிறு அந்த வேலையைச் செய்யாது.

அதற்குப் பிறகு புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் சொல்லித் தரும்போதெல்லாம் தெர்மாமீட்டரில்தான் தொடங்குவேன். ஒவ்வொரு கட்டத்திலும் பொருள் என்ன வெப்பத்தில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

எதற்காக இந்தப் பாடு

பிளாஸ்டிக் தட்டில் செல்கள் வளரும். ஆனால் உடலில் எந்தச் செல்லும் வழுவழுப்பான கெட்டித் தரையில் வாழ்வதில்லை. சுற்றிலும் கொலாஜன் நார்கள், அவற்றுக்கு நடுவே லாமினின், ஃபைப்ரோனெக்டின் போன்ற ஒட்டுப் புரதங்கள், தண்ணீரைப் பிடித்து வைக்கும் சர்க்கரைச் சங்கிலிகள், அங்கங்கே சிக்கியிருக்கும் வளர்ச்சிக் காரணிகள் என்று ஒரு பின்னலுக்குள் வாழ்கிறது. ஆய்வுக்கூடத்தில் இதை மேட்ரிக்ஸ் என்போம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போலத்தான் இது. ஒரு வித்தியாசம், இந்தச் சாரத்தை ஆள் வைத்துப் பிரிக்க வேண்டியதில்லை. உள்ளே குடியேறும் செல்களே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிட்டு, தங்கள் சொந்தப் பின்னலைப் போட்டுக்கொள்ளும்.

திசுவிலிருந்து செல்களை மட்டும் நீக்கிவிட்டு இந்தப் பின்னலை வைத்துக்கொண்டால் அது செல் நீக்கிய மேட்ரிக்ஸ். அதைப் பொடித்துக் கரைத்து மறுபடி கட்டவைத்தால் ஹைட்ரோஜெல். கடையில் கிடைக்கும் மேட்ரிஜெல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் அது எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுப்பது. விலை அதிகம், தொகுதிக்குத் தொகுதி குணம் மாறும், மூலம் புற்றுக்கட்டி என்பதால் சிகிச்சைக்கென்று மனித உடலுக்குள் வைப்பதை நினைத்துப் பார்க்க முடியாது. ஆட்டுக்குடலில் இந்த மூன்றாவது தடை இல்லை. இரண்டாவது தடை இருக்கத்தான் செய்கிறது, பிறகு சொல்கிறேன்.

குடலைத் தேர்ந்தெடுத்ததற்கு வரலாறும் உண்டு. அறுவை சிகிச்சையில் தையல் போடும் கேட்கட் நூல் ஆட்டுக்குடலில் உட்சளிக்கும் தசைக்கும் நடுவே இருக்கும் சளியடிப் படலத்திலிருந்துதான் காலங்காலமாகத் திரிக்கப்பட்டது; நாம் பிரித்தெடுக்கப்போவதும் அதையே. பெயரில் பூனை இருப்பதோடு சரி. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் படிலாக் குழுவினர் சிறுகுடலின் சளியடிப் படலத்தை நாயின் பெரிய இரத்தக்குழாய்க்கு மாற்றாக வைத்துப் பார்த்து 1989-இல் எழுதினார்கள். பன்றியின் சிறுநீர்ப்பையைப் பெப்சினில் கரைத்து ஜெல்லாக்கும் முறையைப் பிட்ஸ்பர்க்கில் டொனால்ட் ஃப்ரைட்ஸும் படிலாக்கும் மற்றவர்களும் 2008-இல் வெளியிட்டார்கள். இன்று பல ஆய்வுக்கூடங்களில் நடப்பது அந்தச் செய்முறையின் பேரன் பேத்திகள்தான். என்னுடையதும் அப்படியே.

கடையிலிருந்து மேசைக்கு

ஆடு அறுக்கும் நேரத்துக்கே கடைக்குப் போய்விடுங்கள். "வெந்நீர், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம் பாய், அப்படியே கொடுங்கள்" என்று சொல்லிவைத்தாலும் பக்கத்தில் நின்றுகொள்வதுதான் நல்லது. போட்டி என்று கேட்டால் இரைப்பையும் சேர்ந்து வரும். சிறுகுடல் மட்டும் போதும் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். குழம்புக்கு இல்லை, பரிசோதனைக்கு என்று நான் விளக்கியபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்போது குழம்புக்கு எதை வாங்குவீர்கள் அம்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கறியும் அவர் கடையில்தான்.

கையில் ஐஸ் பெட்டி, அதற்குள் குளிர்ந்த உப்புநீர்க் கரைசல் நிரப்பிய அகல வாய்ப் புட்டி. குடலை நேரடியாக ஐஸ் மேல் போடாதீர்கள், ஓரம் உறைந்து கிழியும். இரண்டு மணி நேரத்துக்குள் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. குடலுக்குள் இருக்கும் நொதிகளும் பாக்டீரியாக்களும் நமக்காகக் காத்திருக்காது. முடியாவிட்டால் அலசிவிட்டு மைனஸ் 80-இல் உறையவையுங்கள். உறைந்து உருகும்போது செல்கள் வெடிப்பதும் ஒருவகையில் நமக்கு லாபமே.

கையுறை கட்டாயம். ஆடுகளிடமிருந்து புரூசெல்லா கிருமி மனிதருக்குத் தொற்றும். வீட்டில் வெறுங்கையால் குடல் கழுவிப் பழகியவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் முன்அனுமதி வாங்கிவிடுங்கள். இறைச்சிக் கடைத் திசுதானே என்று விட்டால் கட்டுரை எழுதும் நேரத்தில் தலைவலி.

சுரண்டுதல்

இதுதான் முக்கியமான வேலை. இதற்கு எந்தக் கருவியும் கிடையாது. மர ஸ்பேச்சுலா, அல்லது அலகு மாட்டாத ஸ்கால்பெலின் கைப்பிடி, ஈரத் துணி, பொறுமை. என் பாட்டி குடலைக் குச்சியில் கோத்து உள்ளே வெளியே திருப்பிக் கழுவுவார். அதே வித்தைதான் இங்கேயும்.

குடலைக் குளிர்ந்த தண்ணீரில் உள்ளும் புறமும் அலசி, பதினைந்து இருபது சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். முதலில் வெளிப்புறம் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் கையால் உரியுங்கள். ஆட்டுக் கொழுப்பு குளிரில் மெழுகு போலக் கெட்டியாகக் கையுறையில் அப்பிக்கொள்ளும். அதில் ஒரு துணுக்குக்கூட விடக்கூடாது. இங்கே விட்ட கொழுப்பு, பெப்சின் கட்டத்தில் எண்ணெய்ப் படலமாக மேலே மிதந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

பிறகு துண்டை உள்வெளியாகத் திருப்புங்கள். வெல்வெட் போன்ற சளிப்படலம் வெளியே வரும். கண்ணாடித் தகட்டின் மேல் விரித்து, ஸ்பேச்சுலாவைச் சாய்வாகப் பிடித்து, ஒரே திசையில், நீளவாக்கில் இழுங்கள். பழுப்புச் சளி கூழ் போலத் திரண்டு வரும். அழுத்தம் அதிகமானால் கிழியும், குறைந்தால் வழுக்கும். நாலைந்து துண்டுகளில் கை பழகிவிடும். சளி வருவது நின்றபின் மறுபடி இயல்புப் பக்கம் திருப்பி, வெளியே உள்ள தசைப்படலத்தைச் சுரண்டுங்கள். இது கூழாக வராது, இளஞ்சிவப்பு நாராக உரிந்து வரும். ஓரத்தில் நகத்தால் கிளப்பிவிட்டுத் துணியால் பிடித்து இழுத்தால் சில நேரம் முழு நீளத்துக்கும் சட்டை போலக் கழன்றுவிடும். அந்தத் திருப்தி தனி.

மிஞ்சுவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள, வெண்மையான, கண்ணாடித்தாள் போன்ற குழாய். அதுதான் சளியடிப் படலம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சீராக ஒளி ஊடுருவ வேண்டும். திட்டுத் திட்டாக மங்கல் தெரிந்தால் அங்கே தசையோ சளியோ பாக்கி இருக்கிறது. இந்தப் பரிசோதனைக்குக் காசு செலவில்லை, ஆனால் பின்னால் வரும் எல்லா விலை உயர்ந்த பரிசோதனைகளின் முடிவையும் இதுவே சொல்லிவிடும். எங்கள் குழுவில் மிக நன்றாகச் சுரண்டியவர் பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத ஒரு மாணவர். முகத்தைச் சுளித்துக்கொண்டே, கோலம் போடுவது போன்ற கவனத்தோடு செய்வார். வீட்டில் குடல் சமைத்துப் பழகிய நாங்கள் எல்லோரும் அவசரப்பட்டோம்.

மேசையில் இருக்கும் நேரமெல்லாம் துண்டு ஈரமாகவும் குளிராகவும் இருக்க வேண்டும். தகட்டுக்கு அடியில் ஐஸ் தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லும் டிஎன்ஏவும் போக வேண்டும்

சுரண்டியதோடு பெரும்பாலான செல்கள் போய்விட்டன. மிச்சத்துக்கும் கிருமிக்கும் சேர்த்து ஒரே மருந்து, 0.1 சதவீதப் பெரசெட்டிக் அமிலமும் 4 சதவீத எத்தனாலும் கலந்த நீர். ஒரு லிட்டருக்கு 32 சதவீதப் பெரசெட்டிக் கரைசல் சுமார் 3 மி.லி., எத்தனால் 40 மி.லி. திசுவின் எடையைப் போல இருபது மடங்கு நீர் இருக்கட்டும். இரண்டு மணி நேரம் குலுக்கியில். காடி நெடி மூக்கைத் துளைக்கும், கண் எரியும். புகைப்போக்கி அறைக்கு வெளியே புட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். பிறகு பாஸ்பேட் உப்புநீரில் பதினைந்து நிமிடம், காய்ச்சி வடித்த நீரில் பதினைந்து நிமிடம், இப்படி இரண்டு சுற்று என்பது புத்தகக் கணக்கு. நான் நான்கு சுற்று செய்வேன். மிச்சப் பெரசெட்டிக் அமிலம் கடைசியில் உங்கள் செல்களைத்தான் கொல்லும். மூக்கை நம்பாமல், பெராக்சைடு சோதனைப் பட்டை ஒன்றைக் கடைசி அலசு நீரில் நனைத்துப் பாருங்கள்.

இதயம், கல்லீரல் போன்ற தடித்த உறுப்புகளுக்கு இது போதாது. அவற்றுக்குச் சோடியம் டோடெசில் சல்பேட் போன்ற சோப்புக் கரைசல்களில் நாட்கணக்கில் ஊறவைக்கிறார்கள். சோப்பு செல்லை நன்றாக உடைக்கும், ஆனால் புரதத்தை இறுகப் பற்றிக்கொண்டு போக மறுக்கும். மெல்லிய குடலுக்கு அந்தத் தொல்லை தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

செல் போய்விட்டது என்பதற்கு அளவுகோல் 2011-இல் க்ராப்போ, கில்பர்ட், படிலாக் மூவரும் எழுதியது. உலர்ந்த மேட்ரிக்ஸ் ஒரு மில்லிகிராமுக்கு இரட்டை இழை டிஎன்ஏ 50 நானோகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். மிஞ்சிய டிஎன்ஏ துண்டுகள் 200 இணைகளுக்கு, அதாவது டிஎன்ஏ ஏணியின் 200 படிகளுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். சாயமேற்றிய வெட்டில் நுண்ணோக்கி வழியே உட்கரு எதுவும் தெரியக்கூடாது. முதல் எண்ணைத் தாண்டினால் டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதியில் ஒரு குளியல் கொடுத்து மறுபடி கழுவுங்கள். எங்களுக்கு எண் தாண்டிய இரண்டு முறையும் குற்றவாளி சுரண்டல்தான். வெளிச்சப் பரிசோதனையைத் தவிர்த்த நாட்கள் அவை.

பொடி

மைனஸ் 80-இல் ஒரு இரவு, பிறகு உறைநிலை உலர்த்தியில் இரண்டு நாள். வெளியே வரும்போது சுடாத அப்பளம் போலப் படபடக்கும். வளையாமல் ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, திரும்ப உள்ளே வையுங்கள்.

அரைப்பதற்கு நல்ல ஆலை இருந்தால் 40 கண் சல்லடை போட்டு அரையுங்கள். எங்களிடம் இல்லை. மிக்ஸிதான். உலர் பனிக்கட்டித் துண்டுகளோடு சேர்த்து, மூடியைத் தளர்வாக வைத்து, மூன்று நான்கு விநாடிகளாக விட்டு விட்டு ஓட்டுவோம். தொடர்ந்து ஓட்டினால் அலகு சூடேறி, முதல் பத்தியில் சொன்ன கதை மறுபடி நடக்கும். திரவ நைட்ரஜனை ஜாரில் ஊற்றி இறுக மூடிவிடாதீர்கள். ஆவி போக வழியில்லாமல் ஜார் வெடிக்கும். பொடி பஞ்சு போல இருக்கும், நிலைமின்னால் எல்லாவற்றிலும் ஒட்டும். சல்லடையில் சலித்து, சிலிகா பையோடு மைனஸ் 20-இல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. புட்டியின் மேல் தேதி, கடை, ஆட்டின் வயது தெரிந்தால் அதுவும் எழுதுங்கள். தொகுதிக்குத் தொகுதி மாறும் தொல்லை என்று மேட்ரிஜெல்லைக் குறை சொன்னேனே, நம் ஆடுகளும் அப்படித்தான். கிடாவும் குட்டியும் ஒன்றல்ல. நான் மூன்று நான்கு ஆடுகளின் பொடியைக் கலந்து ஒரே தொகுதியாக்கிவிடுவேன்.

பெப்சின்: இரண்டு நாள் காவல்

பொடி 1 கிராம், பெப்சின் 100 மி.கி., 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மி.லி. அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு மேட்ரிக்ஸ் 10 மி.கி., பெப்சின் 1 மி.கி. பெப்சின் மி.கி.க்கு 2,500 அலகுக்கு மேல் செயல்திறன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். காந்தக் கலக்கியில் 48 மணி நேரம், அறை வெப்பத்தில்.

பெப்சின் என்ன செய்கிறது? கொலாஜன் கயிற்றின் முறுக்கிய நடுப்பகுதியில் அதன் பல் படாது. இரு முனைகளிலும் முறுக்கில்லாமல் தொங்கும் நுனிகளைத்தான் அது கடித்து எடுக்கிறது. அந்த நுனிகளில்தான் ஒரு மூலக்கூறை அடுத்ததோடு பிணைத்திருக்கும் முடிச்சுகள் இருக்கின்றன. முடிச்சு போனதும் மூலக்கூறுகள் தனித்தனியே நீரில் கலந்துவிடும்.

முதல் மூன்று மணி நேரம் பக்கத்தில் இருங்கள். மேட்ரிக்ஸ் அமிலத்தை உறிஞ்சி, அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் எண் மெல்ல ஏறும் (அமிலம் குறையக் குறைய எண் கூடும்). 4-ஐத் தாண்டினால் பெப்சின் சோம்பிவிடும். துளித்துளியாக அமிலம் விட்டு 2-க்கும் 3-க்கும் நடுவே திரும்பக் கொண்டுவாருங்கள். எவ்வளவு விட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் காரம் சேர்க்கும்போது அந்தக் கணக்கு வேண்டும்.

அறை வெப்பம் என்று எழுதியவர்கள் பிட்ஸ்பர்க்கில் இருந்தார்கள். நம் ஊர் மே மாதத்தில் அது வேறு. ஒரு சனிக்கிழமை இரவு மின்சாரம் போய், ஏசி நின்று, ஜெனரேட்டர் கலக்கிக்கு மட்டும் உயிர் கொடுத்தது. காலையில் அறை 34 டிகிரி. கரைசல் தெளிவாக, அழகாக, தண்ணீராக இருந்தது. நல்ல கரைசல் பாகு போலக் குழைவாக, சற்றே மங்கலாக இருக்க வேண்டும். கரைந்து தனித்து நிற்கும் கொலாஜன், திசுவில் பின்னிக் கிடப்பதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே அவிழத் தொடங்கும். அவிழ்ந்த இழையைப் பெப்சின் எங்கு வேண்டுமானாலும் கடிக்கும், அதுவும் சூட்டில் இன்னும் வேகமாக. அன்றிலிருந்து கலக்கியை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, 22 டிகிரியில் நிறுத்துகிறேன். 48 மணி என்பதும் வேதவாக்கு அல்ல. கண்ணுக்குத் தெரியும் துகள் போய், பாகு பதம் வந்துவிட்டால் 36-இலேயே நிறுத்தலாம். அதிகம் கரைத்தால் ஜெல் பலவீனமாகும்.

ஐஸின் மேல் பத்து நிமிடம்

இனி எல்லாம் ஐஸ் வாளியில். பிப்பெட் நுனிகள், குழாய்கள், தட்டு, காரம், உப்புநீர் எல்லாவற்றையும் முந்தின இரவே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மில்லிலிட்டருக்கு 6 மி.கி. செறிவில் 5 மி.லி. ஜெல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெப்சின் கரைசல் 3 மி.லி. எடுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.3 மி.லி., 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 0.33 மி.லி., பத்து மடங்குச் செறிவுள்ள பாஸ்பேட் உப்புநீர். மிச்சம் 1.37 மி.லி. சாதாரணச் செறிவு உப்புநீர். கரைக்கும்போது கூடுதல் அமிலம் விட்டிருந்தால் அதற்கு ஈடாகக் காரமும் கூட வேண்டும்.

பாகு பதத்தில் உள்ள திரவத்தைச் சாதாரண நுனியால் அளந்தால் அளவு பொய் சொல்லும். நுனியின் முனையைக் கத்தரித்துவிட்டு, மெதுவாக உறிஞ்சி, மெதுவாக விடுங்கள். காரத்தை ஒரே இடத்தில் கொட்டினால் அங்கேயே வெள்ளை நூல் திரளும். அது திரும்பக் கரையாது. குழாயைச் சுழற்றிக்கொண்டே துளித்துளியாக விடுங்கள். பத்து மடங்கு உப்புநீருக்குப் பதிலாக, பீனால் ரெட் என்னும் நிறங்காட்டி சேர்ந்த பத்து மடங்கு எம்199 ஊடகத்தை (செல் வளர்க்கும் சத்துநீர்) நான் பயன்படுத்துவதற்குக் காரணம் நிறம்தான். மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, ஆரஞ்சிலிருந்து ரோஜா. ரோஜா வந்ததும் நிறுத்தி, பிஎச் தாளில் 7.4-ஐ உறுதி செய்யுங்கள். ஊதா தட்டினால் தாண்டிவிட்டீர்கள். 6-க்கு மேல் போனதும் பெப்சின் ஓய்ந்துவிடும், தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

குமிழி வந்தால் ஊசியால் குத்தாதீர்கள். 4 டிகிரியில் ஒரு நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் மெல்லச் சுற்றினால் போய்விடும். 24 குழித் தட்டில் குழிக்கு 300 மைக்ரோலிட்டர் ஊற்றி, இன்குபேட்டரில் ஒரு மணி நேரம். உறை ஊற்றிய பாலை ஆட்டினால் தயிர் கட்டாது என்று வீட்டில் சொல்வார்களே, அதே விதி. கட்டுகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் ஆர்வத்தை அடக்குங்கள். உள்ளே நடப்பது இதுதான்: குளிரில் ஒவ்வொரு கொலாஜன் மூலக்கூறும் தண்ணீரைப் போர்த்திக்கொண்டு தனியே கிடக்கிறது. சூடு ஏறும்போது அந்தப் போர்வை நழுவுகிறது, மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நாராகச் சேர்கின்றன. தெளிந்த திரவம் பால் நிறம் கொள்வதே நார் சேர்ந்ததற்கு அடையாளம்.

எண்ணாக வேண்டும் என்றால், குழிகளில் ஒளி எவ்வளவு தடைபடுகிறது என்று அளக்கும் தட்டுவாசிப்பானை 37 டிகிரிக்குச் சூடாக்கி, 405 நானோமீட்டரில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை படியுங்கள். முதலில் சமதளம், பிறகு ஏற்றம், பிறகு மறுபடி சமதளம். ஏற்றத்தின் பாதி எத்தனை நிமிடத்தில் வருகிறது என்பதே ஒவ்வொரு தொகுதிக்கும் நான் எழுதிவைக்கும் அடையாள எண். ஜெல்லின் விறைப்பை அளக்கும் ரியோமீட்டர் கையில் கிடைத்தால் உறுதியையும் பாருங்கள். பத்துகளிலிருந்து சில நூறு பாஸ்கல் வரைதான் வரும்; இது மென்மையான ஜெல், எலும்புக்கு முட்டுக்கொடுக்க உதவாது.

செல்களைக் குடியேற்றுதல்

மேலே வளர்க்க வேண்டுமா, உள்ளே வளர்க்க வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். மேலே என்றால் எளிது. ஜெல் கட்டியபின் சூடான ஊடகத்தில் ஒருமுறை கழுவி, செல்களை ஊற்றலாம். ஊடகத்தைக் குழியின் சுவரை ஒட்டி வழியவிடுங்கள். நடுவில் ஊற்றினால் பள்ளம் விழும்.

உள்ளே என்றால், கடைசி 1.37 மி.லி. உப்புநீரில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் செல் கலந்த ஊடகத்தைச் சேர்க்க வேண்டும். அதுவும் பிஎச் சரியான பிறகுதான். மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் செல்லில் தொடங்குங்கள். ஐஸில் செல்களை அதிக நேரம் காக்கவைக்கக்கூடாது. அதனால்தான் எல்லாவற்றையும் முந்தின இரவே குளிரவைக்கச் சொன்னேன்.

ஃபைப்ரோபிளாஸ்ட் (உடலில் கொலாஜன் நாரைச் செய்பவை) செல்களை வளர்த்தால் மூன்றாம் நாள் அதிர்ச்சி அடையாதீர்கள். அவை நார்களைப் பிடித்து இழுக்கும். ஜெல் ஓரம் விட்டுக் கழன்று, பாதி அளவுக்குச் சுருண்டு மிதக்கும். அது கோளாறு அல்ல, செல்கள் பிழைத்திருப்பதற்குச் சான்று. சுருக்கம் உங்கள் சோதனையைக் கெடுத்தால் செறிவை 8-க்கு ஏற்றுங்கள் அல்லது செல்லைக் குறையுங்கள். உயிர்த்திறன் பார்க்க எம்டிடி என்னும் சாயச் சோதனை வேண்டாம். அதன் ஊதாப் படிகங்கள் ஜெல்லுக்குள் சிக்கிக்கொள்ளும். ரெசாசுரின் சாயம் நல்லது. உயிருள்ளதைப் பச்சையாகவும் இறந்ததைச் சிவப்பாகவும் காட்டும் இரட்டைச் சாயம் இன்னும் நல்லது.

தூய்மை ஒரு தீராத சிக்கல். இந்தப் பாகு 0.22 மைக்ரான் வடிகட்டியில் போகாது, நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்தால் சூப்பாகிவிடும், காமாக் கதிர் கொலாஜனைச் சிதைக்கும். நான் செய்வது, பெரசெட்டிக் கட்டத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் தூய காற்று அறைக்குள் மட்டும் திறப்பது, வடிகட்டிய அமிலத்தில் கரைப்பது, ஊடகத்தில் பூஞ்சைக்கும் சேர்த்து மருந்து விடுவது. மிக்ஸி ஜாரைச் சாராயத்தில் ஊறவைக்க மறந்த ஒரு முறை பூஞ்சை பூத்தது.

உடலுக்குள் வைப்பது

தட்டில் வெற்றி கண்டதும் எலிக்கு ஊசி போடலாம் என்று தோன்றும். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி ஒருபுறம் இருக்க, தட்டுக்கும் உடலுக்கும் கேள்விகள் வேறு. ஆடு, பன்றி, மாடு முதலியவற்றின் செல்களில் ஆல்ஃபா-கால் என்னும் சர்க்கரைக் குறி உண்டு. மனித இரத்தத்தில் அதற்கு எதிரான எதிர்ப்புப் புரதம் இயல்பாகவே இருக்கிறது. பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் நச்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றும் அளந்தாக வேண்டும். குடலிலிருந்து எடுத்த பொருளில் அது அலட்சியப்படுத்தும் சங்கதி அல்ல.

முடியாத காரியம் அல்ல. சான் டியேகோவில் கேரன் கிறிஸ்ட்மன் குழுவினர் பன்றி இதயத் தசையிலிருந்து செய்த வென்ட்ரிஜெல், மாரடைப்பு வந்த 15 பேருக்கு வடிகுழாய் வழியே இதயச் சுவரில் செலுத்தப்பட்டது. அந்த முதல்கட்டச் சோதனை 2019-இல் வெளியானது. நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செய்த கோலிடெர்ம், ஆறாத புண்களுக்கான படலமாக 2023-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் பெற்றது. அது ஜெல் அல்ல, படலம். ஆனால் கசாப்புக் கடைக் கழிவாகப் போகும் உறுப்பிலிருந்து மருத்துவமனை அலமாரி வரை ஒரு பொருள் போக என்னென்ன தாண்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள அதன் கதையைப் படிக்கலாம்.

கட்டவில்லை என்றால்

என்னிடம் யாராவது ஜெல் கட்டவில்லை என்று வந்தால், நான் கேட்கும் முதல் கேள்வி செய்முறையைப் பற்றியதல்ல. மீதிக் கரைசலை இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்துப் பாருங்கள் என்பேன். குளிரில் கட்டி, கையில் பிடித்ததும் உருகினால் அது ஜெலட்டின். எங்கோ சூடு பட்டிருக்கிறது, பொடியையே தூக்கி எறிய வேண்டும். குளிரிலும் கட்டவில்லை என்றால் நம்பிக்கை உண்டு. பிஎச்சைப் பாருங்கள், உப்புநீர் சேர்த்தீர்களா என்று பாருங்கள், உப்பில்லாமல் நார் ஒழுங்காகச் சேராது. செறிவை 6-லிருந்து 8-க்கு ஏற்றிப் பாருங்கள். அப்போதும் தண்ணீராகவே இருந்தால் பெப்சினை அதிக நேரம் விட்டுவிட்டீர்கள்.

கட்டியது, செல் செத்தது என்றால் கழுவலைச் சந்தேகப்படுங்கள். ஜெல்லைச் செல் இல்லாமல் ஊடகத்தில் ஒரு நாள் ஊறவைத்து, அந்த ஊடகத்தை மட்டும் பிளாஸ்டிக்கில் வளரும் செல்லுக்குக் கொடுங்கள். அதுவும் செத்தால் பெரசெட்டிக் அமிலம் பாக்கி.

காரம் சேர்த்த கரைசல் அடுத்த நாளுக்கு நிற்காது. அந்த மணிக்கே ஊற்றிவிட வேண்டும். அமிலக் கரைசலைச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80-இல் வைக்கலாம், ஒரு குழாயை ஒரு முறைக்கு மேல் உருக்காதீர்கள். சுரண்டிய கழிவு உயிரிக் கழிவுக்கான மஞ்சள் பைக்குள் போக வேண்டும், தொட்டியில் கழுவி விட்டால் ஆட்டுக் கொழுப்பு குழாயை அடைத்துக்கொள்ளும். எங்கள் மாடியில் ஒருமுறை அடைத்தது.

குடல் வாங்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கூட்டத்தில் பாய்க்கு உங்கள் வெந்நீர்க் கதையைக் கேட்க நேரம் இருக்காது. புதன்கிழமை அதிகாலை நல்லது. புரட்டாசி பிறந்துவிட்டால் கடையில் ஆடே பாதியாகக் குறையும். அந்த மாதத்துக்கும் சேர்த்து ஆவணியிலேயே பொடி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.